படம் எனும் அமானிதம்: இரு ஹரம்களின் முதல் புகைப்படங்களிலிருந்து நம் வீட்டு ஆல்பம் வரை

 

அண்மைக் காலமாக நம் குடும்பங்களில் ஒரு புதிய வழக்கம் வேரூன்றி வருகிறது. பீரோவின் அடித்தட்டிலும் தகரப் பெட்டியிலும் கிடந்த பழைய புகைப்படங்களை இளையவர்கள் தேடியெடுத்து, கைப்பேசியில் படம்பிடித்து, உறவினர் அனைவருக்கும் அனுப்பி வைக்கின்றனர். வாப்புச்சா சபரில் இருந்தபோது கடை வாசலில் நின்று எடுத்த படம், துபாய்க்குப் புதிதாகச் சென்ற மாமா அனுப்பிய வண்ணப்படம், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெத்தும்மாவின் பாஸ்போர்ட் படம் என அவை பலவகை. அவற்றைக் கண்டு கண் கலங்குவோர் உண்டு. துஆச் செய்வோர் உண்டு. "யாரைக் கேட்டு இதை அனுப்பினீர்கள்?" என்று மனம் வருந்துவோரும் உண்டு.

இந்த மூன்றாவது கேள்வியை நாம் இலேசாக எண்ணிக் கடந்துவிடலாகாது. படத்தை எடுத்தவர் யார், படத்தில் இருப்பவரின் சம்மதம் எதுவரை, அது யார் கைக்குப் போகிறது ஆகிய வினாக்கள் இன்றைய கைப்பேசியோடு பிறந்தவை அல்ல. மக்காவும் மதீனாவும் முதன்முதலாகப் புகைப்படத்தில் பதிந்த நாள்களிலேயே அவை எழுந்துவிட்டன. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால் நம் வீட்டு ஆல்பத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் ஓரளவு தெளிவாகும்.

இருட்டறையில் நுழைந்த ஒளி

புகைப்படக் கருவியின் அடிப்படை ஓர் இருட்டறையும் ஒரு சிறு துளையுமே ஆகும். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' எனும் நூலில், வரிசையாக வைக்கப்பட்ட விளக்குகளின் ஒளி ஒரு துளை வழியே இருண்ட இடத்துக்குள் நுழைந்து, எதிரே தனித்தனியாக விழுவதைச் சோதனை மூலம் விளக்கினார். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதற்கு அதைச் சான்றாக்கினார். துளை வழியே விழும் பிம்பத்தை அவர் அறிந்திருந்தார். அதை அழியாமல் பிடித்து வைக்கும் வழிதான் மனிதகுலத்துக்கு இன்னும் எண்ணூறு ஆண்டுகள் கிட்டவில்லை.

வெள்ளி உப்புகள் ஒளி பட்டால் கறுக்கும் எனும் இயல்பைக் கொண்டு அந்த வழி கண்டறியப்பட்டது. 1839ஆம் ஆண்டு பாரிஸில் டாகெர் என்பவரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலேயே பிரெஞ்சுப் பயணிகள் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரை அடைந்து, ஆட்சியாளர் முஹம்மது அலீ பாஷாவின் அரண்மனையைப் படம் எடுத்தனர். ஆக, இக்கலை அறிவிக்கப்பட்ட சில மாதங்களுக்குள்ளாகவே முஸ்லிம் உலகின் வாசலில் வந்து நின்றுவிட்டது.

மதீனாவுக்குச் சென்ற முதல் கேமரா

ஆயினும் இரு ஹரம்களையும் முதலில் படம் எடுத்தவர் ஐரோப்பியர் அல்லர். கெய்ரோவிலும் பாரிஸிலும் பயின்ற எகிப்திய இராணுவப் பொறியாளரான முஹம்மது சாதிக் பே என்பவரே அவர். 1861ஆம் ஆண்டு செங்கடற்கரையில் உள்ள அல்வஜ்ஹிலிருந்து மதீனா வரையிலான பாதையை அளந்து வரைபடம் தயாரிக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அளவைக் கருவிகளோடு ஒரு கேமராவையும் அவர் உடன் கொண்டு சென்றார். மதீனா முனவ்வராவின் முதல் புகைப்படங்கள் அவ்வாறு பிறந்தன.

அன்று படம் எடுப்பது எத்துணை கடினமானது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மீது பசைபோன்ற திரவத்தைப் பூசி, அதை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளாகவே கழுவியும் முடிக்க வேண்டும். பாலைவன வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் தங்கும்? கண்ணாடித் தகடுகள், இரசாயனக் குப்பிகள், இருட்டுக் கூடாரம் ஆகிய அனைத்தையும் சுமந்தே பயணம் செய்ய வேண்டியிருந்தது.

1880ஆம் ஆண்டு, எகிப்திலிருந்து புறப்படும் மஹ்மல் எனும் ஹஜ் ஊர்வலத்தின் பொருளாளராக அவர் மீண்டும் ஹிஜாஸுக்குச் சென்றார். அப்போதுதான் மக்கா முகர்ரமாவின் முதல் படங்கள் கிடைத்தன. கஅபாவின் சாவியைக் காத்துவந்த ஷைகு உமர் அஷ்ஷைபி அவர்களும் அவருடைய கேமராவின் முன் அமர்ந்தார்கள். மறு ஆண்டில் வெனிஸ் நகரில் நடந்த புவியியல் கண்காட்சியில் அவருடைய படங்களுக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. சாதிக் பே தம் படங்களில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். எனவே அவை உலகின் எந்த மூலைக்குப் போனாலும், எடுத்தவர் யார் என்பதைத் தாமே சொல்லும்.

பெயர் நீக்கப்பட்ட மருத்துவர்

எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. மக்காவிலேயே வாழ்ந்த சய்யித் அப்துல் கஃப்பார் எனும் மருத்துவரின் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

1885ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்னூக் ஹுர்குரோன்யே எனும் டச்சு அறிஞர் இஸ்லாத்தை ஏற்றதாக அறிவித்து மக்காவுக்குள் வந்தார். அவர் சூட்டிக்கொண்ட பெயரும் அப்துல் கஃப்பார்தான். மருத்துவரும் அவரும் நெருங்கிப் பழகினர். மருத்துவர் படம் எடுப்பதில் தேர்ந்தவரானார். அவ்வாண்டு ஆகஸ்டில், ஹஜ்ஜுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே, ஸ்னூக் மக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனால் மருத்துவர் தொடர்ந்து படம் எடுத்தார். ஹரம் ஷரீபையும், ஹஜ் காலத்து மக்கள் கூட்டத்தையும், நகரப் பெருமக்களையும் பதிவுசெய்து, ஜித்தாவில் இருந்த டச்சுத் தூதரகத்தின் வழியே ஸ்னூக்கிற்கு அனுப்பி வைத்தார். தாம் எடுத்த படங்களில் 'மக்காவின் மருத்துவர் சய்யித் அப்துல் கஃப்பார்' என்று அழகிய அரபு எழுத்தில் கையொப்பம் இட்டிருந்தார்.

1889ஆம் ஆண்டு அப்படங்கள் ஐரோப்பாவில் தொகுப்பாக வெளிவந்தன. அட்டையில் இருந்தது ஸ்னூக்கின் பெயர். மருத்துவரின் பெயர் சொல்லப்படவில்லை. படங்களில் இருந்த கையொப்பங்களும் நீக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, மூலப் படங்களை ஆய்ந்தவர்கள்தாம் மக்காவின் முதல் உள்ளூர்ப் புகைப்படக் கலைஞர் அவரே என்பதை எடுத்துரைத்தனர். படங்களைப் பெற்றுக்கொண்ட ஸ்னூக்கோ, அடுத்த சில ஆண்டுகளில் ஆச்சே முஸ்லிம்களுக்கு எதிராகப் போரிட்டுக்கொண்டிருந்த டச்சுக் காலனி அரசின் ஆலோசகராக விளங்கினார்.

இதில் நமக்குள்ள பாடம் யாது? ஒருவருடைய உழைப்பைப் பகிரும்போது அவருடைய பெயரை விட்டுவிடுவது ஒரு ஹக்கைப் பறிப்பதாகும். ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை எவர் வழியாகப் பெற்றோம் எனும் சங்கிலியை இத்தனை நூற்றாண்டுகள் பேணிவந்த சமுதாயம் நாம். மத்ரஸாக்களில் ஸனத் என்றால் என்ன என்று கற்பிக்கிறோம். அத்தகைய நாம், ஒரு படத்தை எடுத்தவர் பெயரையும் கொடுத்தவர் பெயரையும் வெட்டிவிட்டுப் பரப்புவது பொருந்துமா?

உலமாக்களின் விவாதம்

உருவங்களை வரைவோர் பற்றி ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கைகள் வந்திருப்பதால், புகைப்படம் பரவத் தொடங்கியதும் உலமாக்களிடையே விவாதம் எழுந்தது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீயீ (ரஹ்), புகைப்படம் என்பது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று, இருக்கும் நிழலைத் தடுத்து நிறுத்தி வைப்பதே எனக் கூறி, அது ஆகுமானது என்று தனி நூலே எழுதினார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைத் தங்க வைப்பது போன்றது அது என்பது அத்தரப்பின் வாதம்.

மறுபுறம், தேவ்பந்தைச் சேர்ந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்றோர், கருவி மாறினாலும் விளைவு உருவப்படமே, எனவே உயிருள்ளவற்றின் படத்துக்கு முன்னைய சட்டமே பொருந்தும் என்று வலியுறுத்தி நூல் எழுதினார்கள். பயண ஆவணம் போன்ற தவிர்க்க இயலாத தேவைகளுக்கு மட்டும் அத்தரப்பினர் விலக்களித்தனர்.

இவ்விரு தரப்பில் எது சரி என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒவ்வொருவரும் தாம் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படம் ஆகுமானது என்ற தரப்பில் நின்றாலும், எவருடைய படத்தையும் எவரிடமும் காட்டலாம் எனும் முடிவு அதிலிருந்து பிறப்பதில்லை. எடுப்பதற்குரிய சட்டம் வேறு. காட்டுவதற்குரிய ஒழுக்கம் வேறு.

பிலிம் சுருள் வீட்டுக்குள் வந்த கதை

கண்ணாடித் தகட்டின் காலத்தில் படம் எடுப்பது தொழில் தெரிந்தவர்களின் வேலையாக இருந்தது. தில்லியைச் சேர்ந்த ஹெச். ஏ. மிர்ஸா எனும் நிறுவனத்தார் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹஜ் தலங்களைப் படம் எடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இந்திய முஸ்லிம்கள் பலர் மினாவையும் அரஃபாவையும் கண்ணால் கண்டது இத்தகைய படங்கள் வழியாகத்தான். 1912இல் கல்கத்தாவில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் தொடங்கிய 'அல்ஹிலால்' வார இதழ் படங்களோடு வெளிவந்து, தொலைதூரத்து முஸ்லிம்களின் நிலையை இந்திய வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

வீட்டில் இருப்பவரே படம் எடுக்கலாம் எனும் நிலையைப் பிலிம் சுருள்தான் உருவாக்கியது. 1888இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' எனும் பெயரில் ஒரு பெட்டிக் கேமராவை வெளியிட்டார். அதன் விலை 25 டாலர். அதனுள் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால், படங்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டு, புதிய சுருளை ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள்.

நம் நாட்டுக் குடும்பங்களில் பலருக்கு முதல் கேமரா 'அக்ஃபா கிளிக் 3' ஆகும். அதில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்களே வரும். பின்னர் வந்த 35 மில்லிமீட்டர் கேமராக்களில் முப்பத்தாறு வரை எடுக்கலாம். நம் தமிழகத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட 'ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' எனும் பொதுத்துறை ஆலை 1967 முதல் 'இந்து' எனும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் படத்தாளும் தயாரித்தது. நம் பெரியவர்களின் பழைய படங்களில் சில, நீலகிரி மலையில் உருவான தாளில் பதிந்தவையாகவும் இருக்கக்கூடும்.

பிலிமுக்கு ஓர் இயல்பு உண்டு. எடுத்தவுடன் பார்க்க முடியாது. சுருள் முடிய வேண்டும். ஸ்டுடியோவில் கொடுக்க வேண்டும். இருட்டறையில் கழுவ வேண்டும். நெகடிவிலிருந்து பிரிண்ட் போட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் காசு. ஆகவே, எடுப்பதற்கு முன்பே 'இது தேவையா, யாருக்காக?' எனும் எண்ணம் தானாகவே எழுந்தது. நிய்யத்தைக் கேட்காமல் கேட்டது அந்தச் சுருள்.

பகிர்வதிலும் அதே அடக்கம் இருந்தது. 1970களில் வளைகுடாப் பயணம் பெருகியபோது, சபராளிகள் கடிதத்துக்குள் ஒரு படத்தை மடங்காமல் வைத்து அனுப்பினர். பின்புறத்தில் நாளும் ஊரும் எழுதியிருப்பார்கள். உம்மா அதைக் கையில் வாங்கிப் பார்ப்பார். அண்டை வீட்டு மாமியிடம் காட்டுவார். இவர் யார், அவர் எந்த ஊர் என்று பேச்சு நீளும். பேசி முடிந்ததும் படம் பெட்டிக்குள் போய்விடும். காட்டியவருக்கு யாரிடம் காட்டினோம் என்பது தெரியும். பார்த்தவர் அதை எடுத்துச் செல்ல முடியாது. பெண்கள் இருக்கும் படமானால் அது பெண்கள் இருக்கும் அறையைத் தாண்டாது. ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியில் தம் வீட்டார் படத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த குடும்பங்களும் உண்டு.

பெத்தும்மாவின் ஒரே படம்

இப்போது தொடக்கத்தில் கண்ட கேள்விக்கு வருவோம். வாழ்நாள் முழுவதும் படம் எடுத்துக்கொள்ள விரும்பாத மூதாட்டியர் பலர் நம் சமுதாயத்தில் வாழ்ந்தனர். ஹஜ்ஜுக்கான பாஸ்போர்ட்டுக்காக மட்டும், வேறு வழியின்றி, ஒரே ஒருமுறை ஸ்டுடியோவில் அமர்ந்தனர். அந்த ஒரே படம்தான் இன்று பேரப்பிள்ளைகளிடம் எஞ்சியிருக்கிறது. அதை நூற்றுக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் போடலாமா?

பேரப்பிள்ளைகளின் பாசம் உண்மையானது. தாம் காணாத ஒரு முகத்தைக் காண விரும்புவதில் குற்றமில்லை. ஆயினும் அம்மூதாட்டி சம்மதித்தது ஒரு கடமைக்காக, ஓர் அதிகாரியின் பார்வைக்காக. அச்சம்மதத்தை நாமாக விரிவாக்கிக்கொள்ள நமக்கு எவரும் உரிமை தரவில்லை. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்க வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கம். சபையில் பேசப்பட்டது அமானிதம் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஒரு முகமும் ஒரு வீடு போன்றதே. ஓர் உரையாடலைப் போலவே ஒரு படமும் ஒரு சபையில் ஒப்படைக்கப்பட்டதே. மௌத்தானவர் மறுப்புச் சொல்ல இயலாது என்பதால் அவருடைய உரிமை குறைவதில்லை. அவர் பொருட்டு நம் பொறுப்புத்தான் கூடுகிறது.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இதுவே: அப்படத்தை அழிக்க வேண்டியதில்லை; பரப்பவும் வேண்டியதில்லை. அவருடைய பிள்ளைகளும் பேரர்களும் வீட்டுக்குள் கையில் எடுத்துப் பார்க்கட்டும், துஆச் செய்யட்டும். பழைய பிலிம் படம் எப்படிப் பகிரப்பட்டதோ அப்படியே, காட்டுபவர் பார்ப்பவரை அறிந்த நிலையில் பகிரப்படட்டும். உயிரோடிருப்பவர் படமானால் அவரையே கேட்போம். மறைந்தவர் படமானால் அவருடைய குணத்தை அறிந்த மூத்தவர்களைக் கேட்போம். படத்தைப் பார்த்து அவருடைய நிறம், உடை, வறுமை ஆகியவற்றைப் பற்றிச் சிரித்துப் பேசுவது புறத்தின் வாசலைத் திறப்பதாகும் என்பதையும் நினைவிற் கொள்வோம்.

காக்க வேண்டியவை

அமானிதத்தைக் காப்பதில் இன்னொரு பகுதியும் உண்டு. பரப்பாமல் இருப்பது ஒன்று; பாழாகாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் வெப்பமும் பிலிமுக்குப் பகை. பழைய அசிட்டேட் நெகடிவ்கள் சிதையத் தொடங்கினால் காடியின் புளித்த வாடை வீசும்; பிறகு சுருங்கி வளையும். அவ்வாடை வந்தால் அவற்றைப் பிற நெகடிவ்களிலிருந்து உடனே பிரித்து வைத்து, விரைவில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்ணப்படங்களின் சாயம் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். நன்கு கழுவப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களின் வெள்ளி அதைவிட நெடுங்காலம் தாங்கும். பசைத்தாள் ஆல்பங்களில் ஒட்டிய படங்களை இழுத்துப் பிய்க்காதீர்கள். ஒட்டியபடியே நகல் எடுங்கள். நெகடிவைக் குப்பையில் போடாதீர்கள். பிரிண்ட் மங்கினாலும் மூலம் அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றினும் முக்கியமானது, நம் மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்தவர் யார் என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வைப்பதாகும். மக்காவின் மருத்துவர் அழகாகக் கையொப்பமிட்டும் பிறர் அதை நீக்கினர். நம் வீட்டுப் படங்களிலோ நீக்குவதற்குக்கூடப் பெயர் இருப்பதில்லை. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்து வையுங்கள். நன்னியிடமோ பெரிய மாமாவிடமோ ஒரு பென்சிலோடு போய் அமருங்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துஆச் செய்யுங்கள். எவற்றைக் காட்டலாம், எவற்றை வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அமானிதங்களை உரியவாறு பேணுவோராக நம் அனைவரையும், நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.